சிக்னல் கேமரா: அபராதம் குறைந்தால் யாருக்கு நஷ்டம்?

கேள்வி இதுதான்: "ஒரே மாதத்தில் இரண்டு இ-செலான் வந்துவிட்டது. இரண்டும் கேமரா பிடித்தது. ஒன்றில் நான் மஞ்சளிலேயே கோட்டைத் தாண்டிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இந்தக் கேமராக்கள் உயிரைக் காப்பாற்ற வைக்கப்பட்டவையா, கஜானாவை நிரப்பவா?"

சிக்னலுக்கு நேரம் கணக்கிட்டுக் கொடுக்கும் வேலையில் இருபது வருடம் ஓடிவிட்டது எனக்கு. "இரண்டும்தான்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அப்படிச் சொன்னால் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. எந்தக் கேமராவையும் எடை போட நான் முதலில் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலையிலிருந்து அந்தச் சந்திப்பில் ஒருத்தர்கூட விதியை மீறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் யாருக்கு நஷ்டம்? யாருக்குமே இல்லை என்றால் அது பாதுகாப்புக்கான கேமரா. ஒரு கம்பெனிக்கோ ஒரு நகராட்சியின் பட்ஜெட்டுக்கோ துண்டு விழும் என்றால், அங்கே மஞ்சள் விளக்கு எத்தனை விநாடி எரிகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

இதை நான் சிகாகோவின் கதையிலிருந்து கற்றேன். 2003-இல் அங்கே சிவப்பு விளக்குக் கேமராக்கள் வந்தன. ஆஸ்திரேலிய கம்பெனியான ரெட்ஃப்ளெக்ஸின் அமெரிக்கக் கிளைக்கு ஒப்பந்தம். ஒரு மீறலுக்கு 100 டாலர். நாளடைவில் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய திட்டங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 2012-இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் தோண்ட ஆரம்பித்தபோது உள்ளே இருந்தது வெளியே வந்தது. புதிய கேமரா ஒவ்வொன்றுக்கும் இடைத்தரகர் ஒருவருக்குக் கமிஷன் போயிருக்கிறது. அதில் பெரும்பகுதி, திட்டத்தை மேற்பார்த்த நகரப் போக்குவரத்துத் துறை அதிகாரி ஜான் பில்ஸுக்குப் போயிருக்கிறது. பணம், ஹோட்டல் அறைகள், கோல்ஃப், அரிசோனாவில் ஒரு வீடு வரை. 2016-இல் அவருக்கு 10 ஆண்டு சிறை. கம்பெனியின் முன்னாள் தலைமை நிர்வாகி கேரன் ஃபின்லிக்கு 30 மாதம்.

இவ்வளவு பெரிய ஊழலைவிட என்னை அதிகம் உலுக்கியது பத்தில் ஒரு விநாடி பற்றிய விவகாரம். ரெட்ஃப்ளெக்ஸை நீக்கி வேறு கம்பெனியைக் கொண்டுவந்த 2014-இல் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. சிகாகோவில் மஞ்சள் விளக்குக்குக் குறைந்தபட்சம் 3 விநாடி என்பது விதி. 3 விநாடிக்குக் கீழே பதிவானால் அந்த மீறலுக்கு டிக்கெட் அனுப்பக் கூடாது என்பதுதான் அதுவரை இருந்த நடைமுறை. புதிய ஏற்பாட்டில் 2.9 என்று பதிவானாலும் அனுப்பலாம் என்றாகிவிட்டது. மின்சார ஏற்ற இறக்கத்தால் வரும் நுண்ணிய வேறுபாடு என்றார்கள். அந்தப் பத்தில் ஒரு விநாடியால் சுமார் 77,000 கூடுதல் டிக்கெட்டுகள், ஏறத்தாழ 77 லட்சம் டாலர் என்று நகரத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அந்த ஆண்டு அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. மறுபடி 3 விநாடிக்குத் திரும்புவதாக நகரம் ஒப்புக்கொண்டது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை.

மஞ்சளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் இரண்டாவது செலானின் விடை இங்கேதான் இருக்கலாம்.

நீங்கள் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். விநாடிக்கு 14 மீட்டர். மஞ்சள் விழுந்ததைக் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்குக்குப் போக 1 விநாடி என்பது பொறியாளர்கள் வைக்கும் கணக்கு. அதற்குள் 14 மீட்டர் போய்விட்டது. பிறகு பின்னால் வருபவர் மேலே வந்து மோதாத அளவுக்குச் சாதாரணமாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 31, 32 மீட்டர். ஆக, நிற்க வேண்டுமானால் 45 மீட்டர் வேண்டும். மஞ்சள் 3 விநாடி என்றால், நிற்காமல் போனால் அந்த நேரத்தில் கடக்கக்கூடியது 42 மீட்டர். இந்த 42-க்கும் 45-க்கும் நடுவே இருப்பவர் நல்லபடியாக நிற்கவும் முடியாது, சிவப்பு விழுவதற்குள் கோட்டைத் தாண்டவும் முடியாது. வேகம் 60 ஆனால் நிற்க 62 மீட்டர் வேண்டும், 3 விநாடியில் போகக்கூடியது 50. இப்போது அந்த இக்கட்டான இடம் 12 மீட்டர் நீளம், ஒரு முழு பஸ்ஸின் நீளம். அதற்குள் மாட்டியவர் எவ்வளவு ஒழுங்கான ஓட்டுநராக இருந்தாலும் அந்த நொடியில் அவர் முன்னால் இருப்பது இரண்டே வழி: சட்டென்று பிரேக்கை அமுக்கிப் பின்னால் அடி வாங்குவது, அல்லது சிவப்பில் போய் செலான் வாங்குவது. மழை பெய்தால், பாரம் ஏற்றிய லாரியாக இருந்தால், சாலை இறக்கமாக இருந்தால் அந்த இடம் இன்னும் நீளும்.

இதைச் சரிசெய்யச் செலவு கிடையாது. 50-க்கு 3.3 விநாடி, 60-க்கு 3.7 விநாடி வைத்தால் அந்த இக்கட்டு இடமே மறைந்துவிடும். கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) ஒரு சந்திப்பில் சிவப்பைத் தாண்டுகிறவர்கள் அதிகம், கேமரா வைக்கலாமா என்று யோசனை கேட்டார்கள். கோப்பில் மஞ்சள் 3 விநாடி என்று இருந்தது. சாயங்காலம் ஒரு டீக்கடை ஓரமாக நின்று விளக்கை போனில் வீடியோ எடுத்தேன். விநாடிக்கு 60 பிரேம். இரவு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணினால், மஞ்சள் விழுந்ததிலிருந்து சிவப்பு விழும் வரை 151. மூன்று முறை எண்ணினேன். இரண்டரை விநாடிதான். பச்சையைக் கூட்டித் தர வேண்டும் என்ற நெருக்கடியில் யாரோ எப்போதோ மஞ்சளில் கை வைத்திருக்கிறார்கள். கோப்பில் ஏறவில்லை. போதாக்குறைக்கு ஸ்டாப் லைன் முழுக்கத் தேய்ந்து, முன் சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்றே தெரியாத நிலை. அங்கே கேமரா வைத்திருந்தால் மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் செலான் போயிருக்கும். ஒவ்வொன்றிலும் சிவப்பு விளக்கும் நம்பர் பிளேட்டும் துல்லியமாகத் தெரிந்திருக்கும். புகைப்படத்தைப் பார்த்த எவரும் ஓட்டுநரைத்தான் திட்டியிருப்பார்கள்.

மஞ்சளை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. கேமரா உள்ள சந்திப்புகளில் மஞ்சளை 1 விநாடி கூட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் சட்டம் போட்டது. 2009-இல் அது நடைமுறைக்கு வந்ததும் பல ஊர்களில் மீறல்கள் வெகுவாகச் சரிந்தன. இனிக் கட்டுப்படியாகாது என்று சில ஊர்கள் கேமராவையே கழற்றின. நான் மேலே சொன்ன கேள்விக்கு அந்த ஊர்கள் தாங்களாகவே பதில் எழுதிக் கொடுத்துவிட்டன. மீறல் குறைந்தபோது நஷ்டம் அவர்களுக்கு.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு சந்திப்புகளில் முதலில் மஞ்சளை ஏறத்தாழ 1 விநாடி நீட்டினார்கள். மீறல் 36 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு கேமரா வைத்தார்கள். மிச்சமிருந்த மீறல்களில் 96 சதவீதம் போய்விட்டது. 2008-இல் வெளியான இந்த ஆய்வை நான் இளம் பொறியாளர்கள் எல்லோரிடமும் சொல்வேன். தவறான விளக்கால் மாட்டியவர்களை மஞ்சள் காப்பாற்றியது. சிவப்பைப் பார்த்தும் வேண்டுமென்றே பாய்ந்தவர்களைக் கேமரா நிறுத்தியது. வரிசை முக்கியம். விளக்கைச் சரிசெய்யாமல் நேரே கேமராவுக்குப் போகும் நிர்வாகத்தை நான் நம்புவதில்லை.

சிவப்பு விளக்குக் கேமராவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கவாட்டு மோதல் குறையும், பின்பக்க மோதல் கூடும். கேமராவுக்குப் பயந்து முன்னால் போகிறவர் திடீரென நிற்கிறார், பின்னால் வருபவருக்கு நேரமில்லை. சிகாகோவுக்காக டிரிப்யூன் செய்யவைத்த ஆய்வு, காயம் ஏற்படுத்தும் பக்கவாட்டு மோதல் 15 சதவீதம் குறைந்ததாகவும் பின்பக்க மோதல் 22 சதவீதம் கூடியதாகவும் சொன்னது. மூன்று ஆண்டு கழித்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் அதே நகரத்தை ஆராய்ந்து, கூட்டிக் கழித்துப் பார்த்தால் காய விபத்துகள் 10 சதவீதம் குறைந்திருக்கின்றன என்றது. பக்கவாட்டில் கதவு நொறுங்கி விழும் அடி உயிரைக் குடிக்கும், பின்பக்கம் வாங்கும் அடி பெரும்பாலும் பம்பரோடும் கழுத்து வலியோடும் போகும். அதனால் நான் நார்த்வெஸ்டர்ன் ஆய்வின் பக்கம் சாய்கிறேன். ஆனால் ஹூஸ்டனில் 2010-இல் மக்கள் வாக்களித்துக் கேமராக்களை அகற்றிய பின் நடந்ததை ஆராய்ந்தவர்கள், மொத்த விபத்தில் கேமராவால் குறைவு இருந்ததாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். எல்லாச் சந்திப்புக்கும் கேமரா என்று திட்டம் போடுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

வேகக் கேமரா விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்து 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு 2010-இல் 35 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. கேமரா இருக்கும் இடங்களில் உயிரிழப்பும் படுகாயமும் தரும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. இந்த எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. ஒரு வளைவில் ஒரு வருடம் ஆறு பேர் சாகிறார்கள், உடனே கேமரா வைக்கிறார்கள், அடுத்த வருடம் மூன்று பேர். பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று பெருமையாக அறிவிக்கிறார்கள். ஆறு என்பது அந்த இடத்தின் மிக மோசமான வருடமாக இருந்திருந்தால், எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் அடுத்த வருடம் குறைந்திருக்கும். இந்த மாயையைக் கழித்த பிறகும் வேகக் கேமராவுக்குப் பலன் மிஞ்சுகிறது. அதனால்தான் தயக்கமில்லை என்றேன்.

இங்கிலாந்தில் இந்தப் பணக் கேள்வி நேரடியாகவே சோதிக்கப்பட்டது. 2000-இல் தொடங்கிய ஏற்பாட்டில், கேமரா நடத்தும் செலவை அபராதத்திலிருந்தே எடுத்துக்கொள்ள உள்ளூர் அமைப்புகளுக்கு அனுமதி. கேமராக்கள் பெருகின, "வசூல் பெட்டி" என்ற ஆத்திரமும் பெருகியது. மஞ்சள் பெயின்ட் அடித்துக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், ஏற்கெனவே மோசமான விபத்துகள் பதிவான இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டுப் பார்த்தார்கள். 2007-இல் அந்த நேரடித் தொடர்பையே அறுத்து, அபராதம் முழுவதையும் அரசின் பொதுக் கருவூலத்துக்குத் திருப்பினார்கள். அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். மானியம் வெட்டப்பட்டதும், கேமரா நடத்தக் காசில்லை என்று ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் என்ற மாவட்டம் 2010 ஆகஸ்டில் தன் கேமராக்களை அணைத்துவிட்டது. அந்த மாவட்டத்துக்குக் கேமரா வருமானம் தரவில்லை, செலவு வைத்தது. அணைத்த சில நாட்களிலேயே சோதித்துப் பார்த்த இடங்களில் வேகம் மீறுகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2011 ஏப்ரலில் மறுபடி போட்டார்கள். கைக்காசு செலவழித்தாவது வேண்டும் என்று திரும்ப வாங்கிய கேமரா அது. பாதுகாப்புக்கான கேமராவுக்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் பார்த்ததில்லை.

ஸ்வீடன் இன்னும் ஒரு படி மேலே. கிராமப்புறச் சாலைகளில் ஒவ்வொரு கேமராவுக்கும் முன்னால் அறிவிப்புப் பலகை. எல்லாக் கேமராவும் எல்லா நேரமும் பதிவு செய்வதும் இல்லை. அபராதம் தேசியக் கருவூலத்துக்கு. பெயரையே வேகக் கேமரா என்பதிலிருந்து "சாலைப் பாதுகாப்புக் கேமரா" என்று மாற்றினார்கள். யாரையும் பிடிக்காமல் எல்லோரையும் மெதுவாகப் போகவைத்தால் அங்கே அது வெற்றி.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. விபத்து எண்ணிக்கையில் அந்த வருடம் நாம்தான் முதலிடம். அதனால் கேமராவே வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கோவையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு இன்றுவரை இந்த விஷயத்தை நகர்த்திக்கொண்டிருக்கிறது. கேமரா போன்ற மின்னணுக் கருவிகளால் சாலையைக் கண்காணிப்பது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 136ஏ பிரிவையும், அதன்கீழ் 2021-இல் வந்த 167ஏ விதியையும் நடைமுறைப்படுத்துங்கள் என்று மாநிலங்களுக்கு 2024 செப்டம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது அந்த வழக்கில்தான்.

அந்த 167ஏ நல்ல விதி. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று பலகை வைக்க வேண்டும். ஆபத்து அதிகமான, போக்குவரத்து மிகுந்த இடங்களில் வைக்க வேண்டும். மீறல் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும். செலானில் நம்பர் பிளேட் தெரியும் படமும், கருவி அளந்த அளவும், நாள், நேரம், இடமும் இருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தின் மஞ்சள் நேரத்தையும் வேக வரம்பையும் முதலில் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

வேக வரம்பு ஏன் முக்கியம் என்பதைச் சென்னை பார்த்துவிட்டது. 2023 ஜூனில் வேகம் அளக்கும் ரேடார்களை வைத்து, பகலில் 40 கிலோமீட்டர், இரவில் 50 என்று அபராதம் போட ஆரம்பித்தார்கள். அகலமான பிரதான சாலையில் பட்டப்பகலில் 40 என்றதும் எதிர்ப்புக் கிளம்பியது. பின்வாங்கி, ஆராய்ந்து, நவம்பரில் புதிய வரம்பு வந்தது. கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிக்குள் எல்லோருக்கும் 30. இதில் என் கண்ணுக்கு முக்கியமானது கடைசி எண். பள்ளிக்கூடமும் கோயிலும் ரேஷன் கடையும் இருக்கும் தெருவில் 30-ஐக் கறாராகக் காப்பாற்றும் கேமராவுக்கு நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

அபராதத் தொகை பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆயிரம் ரூபாய் என்பது ஒருவருக்கு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடு, உணவு டெலிவரி செய்யும் பையனுக்கு ஒரு நாள் முழுச் சம்பாத்தியம். சிகாகோவில் கறுப்பின, லத்தீன் மக்கள் வாழும் பகுதிகளின் வீடுகளுக்கு வெள்ளையர் பகுதிகளைப் போல இரண்டு மடங்கு டிக்கெட் போனதாக 2022-இல் ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் கண்டுபிடித்தது. கேமராவுக்கு நிறம் தெரியாது. ஆனால் அந்தப் பகுதிகளில் சாலைகள் அகலமாக, நடப்பவர்கள் குறைவாக, வண்டியை விரட்டத் தூண்டும் விதமாகக் கட்டப்பட்டிருந்தன. சாலையை அப்படிக் கட்டிவைத்துவிட்டு, அங்கே வாழ்பவரிடம் அதற்கான விலையை வசூலிப்பது அநியாயம். வசூலான பணம் அந்தச் சாலைக்கே நடைபாதையாகவும் வேகத்தடையாகவும் திரும்பிப் போனால்தான் எனக்கு மனம் ஒப்பும்.

இப்போது உங்கள் செலான். அதில் உள்ள படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு மீறலுக்கு ஒரு படம் போதாது. சிவப்பு எரியும்போது உங்கள் வண்டி ஸ்டாப் லைனுக்குப் பின்னால் இருப்பதை ஒன்றும், அதே சிவப்பில் கோட்டைத் தாண்டியதை இன்னொன்றும் காட்ட வேண்டும். மஞ்சளில் கோட்டைத் தாண்டியிருந்தால், சந்திப்பின் நடுவில் இருக்கும்போது சிவப்பு விழுந்ததற்காக நீங்கள் அபராதம் கட்டத் தேவையில்லை. நம்பர் பிளேட்டில் 3-ஐ 8 என்று மென்பொருள் படித்திருக்கிறதா, படத்தில் இருப்பது உங்கள் வண்டியின் நிறமும் மாடலும்தானா என்றும் பாருங்கள். தப்பு இருந்தால் இ-செலான் தளத்திலேயே புகார் கொடுக்க வழி உண்டு. தப்பு உங்கள் மேல் என்று படம் காட்டினால் கட்டிவிடுங்கள்.

பிறகு ஒரு சாயங்காலம் அதே சந்திப்புக்குப் போய், ஓரமாகப் பத்திரமான இடத்தில் நின்று, மஞ்சளை நான் எடுத்தது போல வீடியோ எடுங்கள். 60 பிரேம் வீடியோவில் 180-க்குக் கீழே, அதாவது 3 விநாடிக்குக் குறைவாக வந்தால் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்வி போடுங்கள். இந்தக் கருவியின் இந்த வருட ஒப்புதல் சான்றிதழின் நகல். இந்தச் சந்திப்பின் மஞ்சள் நேரம் எவ்வளவு, கடைசியாக அதை மாற்றியது எப்போது. கேமரா வைப்பதற்கு முந்தைய 3 ஆண்டுகளில் இங்கே நடந்த விபத்துகள் எத்தனை, வைத்த பிறகு எத்தனை. கேமரா நடத்தும் கம்பெனிக்குப் பணம் மாதத்துக்கு இவ்வளவு என்று போகிறதா, செலானுக்கு இவ்வளவு என்று போகிறதா.

நான்காவதற்கு வரும் பதிலை முதலில் படியுங்கள்.